தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்: ஸ்டெம் செல் கொடையாளர் ஆவது எப்படி

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கேன்டீன் வாசலில் ஒரு மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படிவம், கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கப் பஞ்சுக் குச்சிகள், மொத்தம் பத்து நிமிட வேலை. அடுத்த வகுப்பு சரியான அறுவை என்பதால்தான் நான் அந்த வரிசையில் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். நாலரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என நினைத்து இரண்டு தடவை கட் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது ஒரு பெண் நிதானமாகக் கேட்டார்: "நீங்க ஸ்டெம் செல் கொடையாளராப் பதிஞ்சிருக்கீங்க, ஞாபகம் இருக்கா? ஒரு பேஷன்ட்டுக்கு உங்களோடது பொருந்துது."

ஞாபகம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு உயிர், இந்தப் பக்கம் "எந்த கேம்ப்ங்க?" என்று கேட்கிற நான்.

பதிவு செய்வது ரொம்பச் சுலபம், அதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதே இல்லை. இத்தனையும் எழுதுவது அந்த போனுக்காக. அது வந்தால் என்னென்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு, வந்தால் சரி என்று சொல்வேன் என்ற முடிவுக்கு வந்த பிறகு பஞ்சுக் குச்சியைக் கையில் எடுங்கள். சும்மா எண்ணிக்கைக்காகப் பதிகிறவர்களை விட பதியாதவர்கள் தேவலை என்பது என் கட்சி. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பித்தானே ஒரு குடும்பம் காத்திருக்கும்?

அப்படி எதைத்தான் கொடுக்கிறோம்

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அந்த உள்ளே இருக்கிற சங்கதிதான் மஜ்ஜை. நமக்கு ரத்தம் ஊறுகிற சிவப்பு மஜ்ஜை அதிகமாக இருப்பது இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு போன்றவற்றில். அதில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாவற்றுக்கும் விதை நெல். ரத்தப் புற்றுநோயில் அந்த வயலே கெட்டுப்போகிறது. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் வயல் வறண்டு போகிறது. தலசீமியா குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே விளைச்சல் கோளாறு, மாதாமாதம் ரத்தம் ஏற்றியே ஓட்ட வேண்டும். மூன்றுக்குமே, கெட்டதை மருந்தால் அழித்துவிட்டு வேறு ஒருவரின் ஸ்டெம் செல்லை உள்ளே விடுவது ஒரு வழி. இந்தியாவில் இது 1983-இல் மும்பை டாடா மெமோரியலில் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல்.

யாருடையதையும் யாருக்கும் கொடுத்துவிட முடியாது. எச்.எல்.ஏ. என்று ஒரு மரபணுக் கூட்டம் 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இது நம்முடைய செல்லா வெளியாளா என்று உடம்பு அடையாளம் பார்ப்பது அதை வைத்துத்தான். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல இங்கேயும் கணக்கு பத்துதான்: ஐந்து மரபணு, ஒவ்வொன்றிலும் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. ஆனால் ஜாதகத்தில் ஏழெட்டு இருந்தாலே முடித்துவிடுவார்கள், இங்கே ஒன்பது என்றாலே டாக்டர்கள் யோசிப்பார்கள். கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று பெற்றுக்கொள்கிற இந்தக் காலத்தில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பொருத்தத்தோடு அம்மா அப்பாவிடமிருந்தே எடுத்துச் செய்கிற முறையும் இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது, இருந்தாலும் முழுப் பொருத்தமுள்ள வெளியாளைத் தேடுவது நிற்கவில்லை. ரத்த குரூப் பொருந்த வேண்டும் என்ற அவசியம் இல்லை. சொல்லப்போனால் மாற்றுச் சிகிச்சை கைகூடினால், வாங்கியவரின் ரத்த குரூப் கொடுத்தவருடையதாக மாறிவிடும்!

எச்.எல்.ஏ. பரம்பரை பரம்பரையாக வருவது, அதனால் ஒரு தமிழ் நோயாளிக்குப் பொருத்தம் கிடைக்க அதிக வாய்ப்பு இன்னொரு தமிழரிடம், அல்லது பக்கத்து மாநிலத்துக்காரரிடம். உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் கொடையாளர்கள் பதிந்திருக்கிறார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கிற தமிழ்க் குழந்தைக்கு நோய் வந்தால் அங்கே பட்டியலில் லட்சக்கணக்கில் பெயர் இருந்தும் கைக்கு ஒன்று அகப்படாமல் போவது இதனால்தான். வெளியூர்த் தமிழர்கள் அங்கங்கே பதிவது அதனாலேயே முக்கியம்.

பதிவது

இந்தியாவில் இருந்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009 முதல் இயங்கும் தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் இருக்கிறது, பெங்களூருவில் டி.கே.எம்.எஸ். இந்தியா என்ற இன்னொன்று இருக்கிறது. தாத்ரியில் 18 முதல் 50 வயது வரை, டி.கே.எம்.எஸ்.ஸில் 18 முதல் 55 வரை சேர்த்துக்கொள்கிறார்கள். கனடாவில் 17 முதல் 35, இங்கிலாந்தின் ஆன்டனி நோலன் பதிவகத்தில் 16 முதல் 30. (அந்தப் பெயர் ஒரு சிறுவனுடையது. மகனுக்குப் பொருத்தம் தேடி அவனுடைய அம்மா 1974-இல் தொடங்கிய பதிவகம் அது, உலகிலேயே முதலாவது. பையனுக்குக் கடைசி வரை பொருத்தம் கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துபோனான்.) மேல் வயது வரம்பு எதுவாக இருந்தாலும் டாக்டர்கள் முதலில் தேடுவது இளவட்டத்தைத்தான், ஆகவே இருபதுகளில் இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

இணையத்தில் படிவம் நிரப்பினால் கிட் வீட்டுக்கே வரும். பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டும், பஞ்சு முனையைக் கையால் தொடக்கூடாது, தேய்ப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருப்பது நல்லது. உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் முடிந்தது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி அல்லது சி, இதய நோய், புற்றுநோய், இன்சுலின் போடுகிற அளவு சர்க்கரை, இந்த மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், ஒளிக்காதீர்கள்.

உங்களுக்குச் செலவு கிடையாது, வரும்படியும் கிடையாது. பரிசோதனை, பயணம், மருத்துவமனை எல்லாம் நோயாளி தரப்பிலிருந்தோ பதிவகம் வழியாகவோ பார்த்துக்கொள்வார்கள். பணம் தருகிறேன் என்றோ பணம் கட்டு என்றோ யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படிவத்தில் எல்லோரும் அலட்சியமாக நிரப்புகிற ஒரு கட்டம் உண்டு, மாற்றுத் தொடர்பு எண். நான் அப்போது ரூம்மேட் நம்பரைக் கொடுத்திருந்தேன், அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது. வீட்டில் ஒருவருடைய நம்பரைக் கொடுங்கள், அதுவும் நீங்கள் பதிந்திருக்கிற விஷயம் தெரிந்தவருடையதாக.

வீட்டில் சொல்வது

நம் ஊரில் நிஜமான பரீட்சை இதுதான், ஊசி எல்லாம் அப்புறம். உங்களுக்கு 25 வயது, உங்கள் உடம்பு, உங்கள் கையெழுத்து, சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போன் வந்த அன்றைக்கு அம்மா அழுவார், அப்பா பேச மாட்டார், பெரியம்மா வேறு ஊரிலிருந்து போன் போட்டு "ஏன் இந்த வேண்டாத வேலை" என்பார். அங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்த கேள்வி, "முதுகுத்தண்டில் ஊசி போடுவாங்களா?" இரண்டாவது, "இன்னும் கல்யாணமே ஆகலையே, நாளைக்குக் குழந்தை பிறக்குமா?"

முதுகுத்தண்டு பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், சிசேரியனுக்கு முதுகில் போடுகிற மயக்க ஊசியும், இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுப்பதும் மனதில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. இந்தக் கொடையில் முதுகுத்தண்டிலிருந்து எதுவும் எடுப்பதே இல்லை. குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் கொடுக்கக் கூடாது, அந்தக் காலத்தில் பதிவகமே உங்களை நிறுத்திவைக்கும். கொடுத்த செல்கள் சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். இதையெல்லாம் நான் சொன்னபோது எடுபடவில்லை. பதிவகத்தின் ஆலோசகர் வீடியோ காலில் ஒரு மணி நேரம் அம்மாவோடு பேசினார், அதில் முக்கால்வாசி அம்மாதான் பேசினார். அப்படி ஒருவரைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். அதைவிட முக்கியம், இந்தப் பேச்சைப் பதிகிற நாளிலேயே வீட்டில் ஆரம்பித்துவிடுவது. நெருக்கடியில் கேட்கிற "சரி"க்கும் சாவகாசமாகக் கேட்கிற "சரி"க்கும் நிறைய வித்தியாசம்.

போன் வந்த பிறகு

பதிந்த பலருக்கு வாழ்நாள் முழுக்க அழைப்பே வராது. 60 வயது வாக்கில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். வந்தால், முதலில் உடல்நிலை பற்றிய கேள்விகள், பிறகு பொருத்தத்தை உறுதிசெய்ய ரத்த மாதிரி. இதற்குப் பிறகு சில வாரமோ மாதமோ மௌனமாக இருக்கலாம். வேறு கொடையாளர் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கலாம், நோயாளியின் நிலை மாறியிருக்கலாம். நீங்கள்தான் என்று முடிவானால் முழு உடல் பரிசோதனை: ரத்தம், இ.சி.ஜி., எக்ஸ்ரே, தொற்றுகள். இந்தப் பரிசோதனை உங்களுடைய பாதுகாப்புக்கும்தான். உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தால் உங்களை விட்டுவிடுவார்கள். நோயாளியைப் பற்றி வயது, ஆணா பெண்ணா என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கொடுக்கும் முறை இரண்டு. இப்போது பெரும்பாலும் நடப்பது ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எடுப்பது, நான் கொடுத்ததும் அப்படித்தான். சாதாரணமாக ஸ்டெம் செல்கள் எலும்புக்குள்ளேயே கிடக்கும். அவற்றை ரத்தத்துக்குத் தள்ளிவிட ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியை நாலைந்து நாள் தோலுக்கடியில் போடுவார்கள். கிருமி தாக்கும்போது நம் உடம்பே சுரக்கிற ஒரு பொருளின் நகல்தான் அது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, பீற்றிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இடுப்பும் கீழ்முதுகும் காய்ச்சலுக்கு முன்னால் வருமே அந்த மாதிரி குடைந்தன, கூடவே தலைவலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். ஆஸ்பிரின் வகையறாவைத் தொடாதீர்கள், எந்த மாத்திரையானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்த நாட்களில் மண்ணீரல் கொஞ்சம் வீங்கும், ஆகவே கபடி, ஃபுட்பால், ஜிம்மில் எடை தூக்குவது எல்லாவற்றுக்கும் லீவு. மண்ணீரல் கிழிவது மிக அரிது, ஆனால் அரிது என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. இந்த ஊசியால் பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்பது எல்லோரும் கேட்பது. கொடையாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஒரு கையில் ஊசி வழியே ரத்தம் வெளியே வரும், இயந்திரம் சுற்றிச் சுற்றி ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும், மிச்ச ரத்தம் மறுகை வழியே உள்ளே போகும். பிளேட்லெட் கொடுத்தவர்களுக்கு இது புரியும், கிட்டத்தட்ட அதேதான். மூன்று முதல் ஐந்து மணி நேரம். போதுமான அளவு சேராவிட்டால் மறுநாளும் ஒரு தடவை. கை நரம்பு மெலிசாக இருப்பவர்களுக்குக் கழுத்திலோ தொடை இடுக்கிலோ குழாய் போட வேண்டிவரலாம், இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அங்கே போய் அதிர்ச்சியடையாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து உடம்பில் கால்சியத்தைக் குறைக்கும், அதனால் உதடும் விரல் நுனியும் மரத்தாற்போலக் குறுகுறுக்கும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். நான் வீரமாகச் சொல்லாமல் இருந்து கடைசியில் விரல் இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். உட்காருவதற்கு முன்னால் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், இந்த ஒரு வரிக்காகவாவது என்னை நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு கையையும் மடக்க முடியாது, மூக்கு அரித்தால் அடுத்தவர் கைதான் உதவி. எனக்கு அன்றைக்கு அம்மாதான் சொறிந்துவிட்டார்.

கடைசியில் ஒரு பை, நீர்த்த தக்காளிச் சாறு நிறத்தில், கொஞ்சமே கொஞ்சம். இதற்கா இவ்வளவு என்று தோன்றும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒருவர் கையோடு எடுத்துப்போவார், மூன்று நாளுக்குள் நோயாளிக்கு ஏற்றிவிட வேண்டும். அங்கேயும் ஆபரேஷன் எல்லாம் கிடையாது, ரத்தம் ஏற்றுவது போல டிரிப்ஸில் ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும். மருத்துவத்தில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இரண்டாவது முறையில், முழு மயக்கம் கொடுத்து, பின்பக்க இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை நேரடியாக உறிஞ்சி எடுப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரம். அதிகபட்சம் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை, உங்கள் எடையைப் பொறுத்தது. நோயாளி குழந்தையாக இருந்தால் சில சமயம் டாக்டர்கள் இதைக் கேட்பார்கள். மாடிப்படியில் வழுக்கி உட்கார்ந்த மாதிரி சில நாள் வலி இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கூட. மயக்க மருந்துக்கென்று உள்ள ரிஸ்க் இதிலும் உண்டு. இது வேண்டாம், முதல் முறைக்கு மட்டும் சம்மதம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பின்வாங்குவது பற்றி

எந்த நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு தேதி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக்கூடாது. உங்களிடமிருந்து எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், அங்கே நோயாளிக்குக் கடுமையான கீமோ கொடுத்து அவருடைய சொந்த மஜ்ஜையை முழுவதும் அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை என்றால் அவருக்கு ரத்தம் ஊற வழியே இல்லை. முதல் போனிலேயே "முடியாதுங்க" என்று சொல்கிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேறு ஆளைத் தேட நேரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஊசி போடுகிற வாரத்தில் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்வது வேறு. என் ஆலோசகர் இதை அப்பாவின் முன்னால் ஒரே வாக்கியத்தில் சொன்னார், அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா டிவியை அணைத்தார். அந்த வாரத்தில் பைக்கை எடுக்காதே என்று சொன்னவரும் அப்பாதான். சாவியையே எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம்

இரண்டு நாளில் வேலைக்குப் போனேன். எலும்பு வலி ஊசி நின்றதுமே இறங்கிவிட்டது, அசதி மட்டும் ஒரு வாரம் இருந்தது. பதிவகத்திலிருந்து கொஞ்ச நாளைக்கு ஒருமுறை விசாரிப்பார்கள், ரத்தம் சோதிப்பார்கள். அலுப்பாக இருந்தாலும் போய்வாருங்கள், அடுத்த கொடையாளருக்கு "பயமில்லை" என்று சொல்ல அந்தக் கணக்குதான் ஆதாரம். அதே நோயாளிக்கு இன்னொரு தடவை தேவைப்பட்டால் உங்களையே கேட்கவும் கூடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி பிழைத்தாரா என்பது உங்கள் கையில் இல்லை. செல் பிடிக்கலாம், பிடித்தும் நோய் திரும்பலாம், புது செல்களே அவர் உடம்பைத் தாக்கலாம். நல்லபடியாகப் போனால், பொதுவாக ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் சம்மதித்தால் சந்திக்கலாம். அதுவரை பெயர் ஊர் இல்லாமல் கடிதம் மட்டும். நான் எழுதிய கடிதத்தில் "எங்க ஊரில் இப்போ மாங்காய் சீசன்" என்று ஒரு வரி இருந்தது, ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லி அதை எடுக்கச் சொன்னார்கள். மாங்காய் எந்த ஊரில் இல்லை என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. போன மாதம் சிம் மாற்றினேன். பேங்க்கில் புது நம்பரைக் கொடுப்பதற்கு முன்னால் பதிவகத்துக்கு போன் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாற்று எண் என்ற இடத்தில் இப்போது அம்மாவின் நம்பர் இருக்கிறது.